வண்டியின் பின்சீட்டில் உட்காரும் சகோதரிகளுக்கு



காலை எட்டு மணிக்குப் பாகாயம் பேருந்து நிறுத்தத்தில் பத்து நிமிடம் நின்றால் போதும், நம்ம ஊர் போக்குவரத்து முழுவதையும் பார்த்துவிடலாம். காட்பாடி போகிற டவுன் பஸ், கல்லூரிப் பிள்ளைகள், ஷேர் ஆட்டோ, ஷூ கம்பெனி வேன், இதற்கு நடுவில் வளைந்து நெளிந்து போகிற பைக்குகள். அந்த பைக்குகளின் பின்சீட்டைக் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு பெண்தான் உட்கார்ந்திருப்பார். ஒரு பக்கமாகக் கால் போட்டு, மடியில் குழந்தை, கையில் சாப்பாட்டுக் கூடை, இல்லையென்றால் தைத்து முடித்த ஷூ அப்பர் மூட்டை. ஓட்டுகிறவர் தலையில் ஹெல்மெட் இருந்தாலும் இருக்கும். பின்னால் இருக்கும் நம் தலையில் பூ இருக்கும், ஹெல்மெட் இருக்காது.

"ஹெல்மெட் ஆம்பளைங்க சமாச்சாரம், வண்டி ஓட்டுறவங்க பார்த்துக்கட்டும்" என்று நம் கூட்டங்களில் பல அக்காமார் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதனால்தான் இந்தக் கட்டுரை. வண்டி ஓட்டத் தெரியாதவர்களும் முழுவதும் படியுங்கள். படிக்கத் தெரிந்தவர் கூட்டத்தில் மற்றவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட விவரப்படி, 2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அந்த ஆண்டு மற்ற எல்லா மாநிலங்களையும் விட அதிக விபத்து நடந்தது நம் தமிழ்நாட்டில்தான், 64,105 விபத்துகள். இறந்தவர்கள் 17,884 பேர். நாடு முழுவதும் ஹெல்மெட் போடாததால் இறந்தவர்கள் என்று தனியாக ஒரு கணக்கு எடுத்திருக்கிறார்கள். 50,029 பேர். அதில் வண்டி ஓட்டியவர்கள் 35,692 பேர். மீதி 14,337 பேர் சும்மா பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள். ஒரு நாளைக்கு 39 பேர் ஆகிறது. நம் குழு ஒன்றில் 12 முதல் 20 பேர் இருக்கிறோம். அப்படி இரண்டு குழு அளவுக்குப் பேர், தினம் தினம்.

சட்டம் பின்சீட்டை விட்டுவிடவில்லை

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 129 என்ன சொல்கிறது? நான்கு வயதுக்கு மேற்பட்ட யாராக இருந்தாலும், இருசக்கர வாகனத்தை ஓட்டினாலும் சரி, அதில் உட்கார்ந்து வந்தாலும் சரி, தரமான ஹெல்மெட் போட்டு அதன் வாரை மாட்டியிருக்க வேண்டும். பெண்களுக்கு விலக்கு என்று அதில் இல்லை. டெல்லியில் ரொம்ப நாள் பெண்கள் போட வேண்டியதில்லை என்று விதி வைத்திருந்தார்கள். 2014இல் அதையும் மாற்றிவிட்டார்கள்.

அபராதமும் முன்போல இல்லை. தமிழ்நாட்டில் ஹெல்மெட் போடாவிட்டால் வெறும் 100 ரூபாய் என்று இருந்தது. 2022 அக்டோபர் கடைசியிலிருந்து 1,000 ரூபாய். நம்ம மாதச் சந்தா நூறு ரூபாய் என்றால் பத்து மாதச் சந்தா ஒரே நிமிடத்தில் போகும். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000. இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் முதல் தடவை 2,000, அடுத்த தடவை 4,000. மூன்று பேர் ஏறினால் 1,000. குடித்துவிட்டு ஓட்டினால் 10,000. ஆம்புலன்சுக்கு வழிவிடாமல் மறித்தாலும் 10,000.

இவ்வளவு சட்டம் இருந்தும் ஏன் நம் தலை வெறுமையாக இருக்கிறது? என் கருத்து இதுதான்: நம்ம ஊரில் ஹெல்மெட் சட்டம் மழை மாதிரி. பெய்யும், நிற்கும். 2007 ஜூன் 1 முதல் கட்டாயம் என்றார்கள். கடைகளில் கூட்டம் அலைமோதியது. சில நாளிலேயே கெடுபிடி தளர்ந்தது, ஹெல்மெட் பரண் மேல் ஏறியது. பிறகு 2015இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.கிருபாகரன் உத்தரவு போட்டார். 2015 ஜூலை 1 முதல் ஓட்டுபவர், பின்னால் இருப்பவர் இருவரும் போட வேண்டும் என்றார்கள். மறுபடி கூட்டம், மறுபடி தட்டுப்பாடு. நாளடைவில் முன்னால் இருப்பவர் பாதிப் பேர் போட்டார்கள், பின்னால் இருப்பவரை யாரும் கேட்கவில்லை. சென்னையிலேயே 2022 மே 23ஆம் தேதிதான் பின்சீட்டில் இருப்பவருக்கும் அபராதம் என்று காவல்துறை தீவிரமாக இறங்கியது. பிரிவு 129 எழுதிப் பல வருடம் கழித்து!

வியட்நாம் என்று ஒரு நாடு. அங்கே வீட்டுக்கு வீடு பைக்தான், நம்மைவிட அதிகம். அவர்கள் 2007 டிசம்பர் 15 என்று ஒரு நாளைக் குறித்தார்கள். அன்று முதல் எல்லாச் சாலையிலும், முன்னால் இருப்பவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்றார்கள். நகரம், கிராமம் பார்க்காமல் எல்லா இடத்திலும் ஒரே நாளில் காவலர்கள் நின்றார்கள். அடுத்த வாரம் விட்டுவிடவும் இல்லை. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஹெல்மெட் போட ஆரம்பித்தார்கள். அடுத்த ஆண்டே சாவு எண்ணிக்கை குறைந்தது. அவர்களிடமும் ஒரு ஓட்டை இருந்தது. குழந்தைகளுக்கு அபராதம் எப்படி என்று முதலில் தெளிவாக இல்லை. அதனால் அப்பா அம்மா தலையில் ஹெல்மெட், நடுவில் குழந்தை தலை வெறுமை. பிறகுதான் அதைச் சரி செய்தார்கள். ஓட்டை எங்கே இருக்கிறதோ அங்கேதான் உயிர் போகும். நம்ம ஊரில் அந்த ஓட்டை பின்சீட்டு.

அதற்காகக் காவல்துறை எப்படி வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்று சொல்லவில்லை. 2018 மார்ச் 7ஆம் தேதி திருச்சி பக்கத்தில் துவாக்குடியில் நடந்ததை நிறையப் பேர் செய்தியில் பார்த்திருப்பீர்கள். ஹெல்மெட் சோதனையில் நிற்காமல் போன கணவன் மனைவியைப் போக்குவரத்து ஆய்வாளர் துரத்திப் போய் வண்டியை உதைத்தார் என்று வழக்கு. இறந்தது பின்சீட்டில் இருந்த மனைவி. மக்கள் கொதித்துப் போய்ச் சாலை மறியல் செய்தார்கள், ஆய்வாளர் கைது செய்யப்பட்டார். துரத்திப் பிடிப்பதும், வளைவில் திடீரென்று குறுக்கே பாய்வதும் பாதுகாப்பு ஆகாது. வெளிச்சமான இடத்தில், தூரத்திலிருந்தே தெரியும்படி, தினமும் நிற்க வேண்டும். நிற்காமல் போகிறவரின் வண்டி எண்ணை எழுதி இ-சலான் அனுப்பினால் போதுமே. அதே சமயம் நம் வீட்டு ஆண்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். பின்னால் பெண்டாட்டி பிள்ளையை வைத்துக்கொண்டு போலீசைப் பார்த்ததும் வண்டியைத் திருப்புவது, எதிர்த் திசையில் ஓட்டுவது, இதெல்லாம் ஆயிரம் ரூபாய்க்கு உயிரைப் பணயம் வைப்பது. நிறுத்துங்க, ரசீது வாங்குங்க, பணம் கட்டுங்க. ரசீது இல்லாமல் காசு கொடுக்க வேண்டாம்.

உயிர் போகாவிட்டாலும்

சாவு எண்ணிக்கையை மட்டும் சொன்னால் விஷயம் பாதிதான். பிழைத்தவர்கள் கதை நம்ம பாகாயத்திலேயே இருக்கிறது.

சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையம் பாகாயத்தில் இருப்பது உங்களுக்குத் தெரியும். அது டாக்டர் மேரி வர்கீஸ் பெயரில் இருக்கிறது. அவர் யார் என்று கேட்டால் நிறையப் பேருக்குத் தெரியவில்லை. கேரளாவிலிருந்து வந்து வேலூரில் டாக்டருக்குப் படித்தவர். 1954இல் கூட வேலை செய்யும் டாக்டர்களோடு வண்டியில் வெளியூர் போனபோது விபத்து. முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். வெளிநாடு போய் மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்தார். 1966இல் இந்தப் பாகாயம் மையம் ஏற்பட்டது. 1972இல் பத்மஸ்ரீ விருது வாங்கினார். அவர் விபத்துக்கு ஆளானது பைக்கில் அல்ல. ஆனால் சாலையில் ஒரு நொடியில் முதுகுத்தண்டு போனால் வாழ்க்கை எப்படித் திரும்பும் என்பதற்கு அவரே சாட்சி. அதே நிலைக்கு ஆளானவர்களுக்காகத்தான் அந்த மையத்தைக் கொண்டுவந்தார். மரத்திலிருந்து விழுந்தவர்கள், கட்டட வேலையில் விழுந்தவர்கள், சாலை விபத்தில் அடிபட்டவர்கள் அங்கே எழுந்து உட்கார, சக்கர நாற்காலியில் ஏற, திரும்ப ஒரு தொழில் செய்யக் கற்றுக்கொள்கிறார்கள்.

அங்கே போய்ப் பார்த்தால் பக்கத்தில் துணைக்கு இருப்பது யார்? பெரும்பாலும் மனைவி, அம்மா, அக்கா. வேலைக்குப் போவது நின்றுவிடும், ஷூ கம்பெனி சம்பளம் நிற்கும், குழுவில் வாங்கிய கடன் தவணை தவறும். அந்த உறுப்பினரைத் தவணை கட்டச் சொல்லிக் கேட்கவும் நமக்கு மனசு வராது, கேட்காமல் இருந்தால் குழுக் கணக்கு ஓடாது. மேரி வர்கீஸ் அம்மாவுக்கு இருந்த படிப்பும் துணையும் எல்லோருக்கும் கிடைக்காது.

ஹெல்மெட் எல்லாவற்றையும் தடுத்துவிடாது, முதுகுத்தண்டைக் காப்பாற்றாது. தலையைக் காப்பாற்றும். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் ஹெல்மெட் போட்டால் சாகும் ஆபத்து 42 சதவீதமும், தலையில் அடிபடும் ஆபத்து 69 சதவீதமும் குறைகிறது என்று கண்டிருக்கிறார்கள். உள்ளே தெர்மாகோல் மாதிரி இருக்கிறதே, அதுதான் வேலை செய்கிறது. தலை தரையில் மோதும்போது அது நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். அதனால்தான் ஒரு தடவை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி போடக் கூடாது. வெளியில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், உள்ளே நசுங்கியிருக்கும்.

வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள். 2021 ஜூன் 1 முதல் அந்த முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்கவே கூடாது. ஆனாலும் ரோட்டோரத்தில் தொப்பி மாதிரி ஒன்றை விற்கிறார்கள். அது போலீசுக்காகப் போடுவது, தலைக்காக அல்ல. தலையில் மாட்டி வாரைப் போட்டு, இரண்டு பக்கமும் ஆட்டிப் பாருங்கள். ஹெல்மெட்டோடு சேர்ந்து கன்னத்துத் தோலும் நகர்ந்தால் அளவு சரி. தனியாக ஆடினால் பெரிசு. வாரை மாட்டாமல் போட்டால் விழும்போது ஹெல்மெட் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம் போகும்.

பெண்களுக்கு ஒரு சிரமம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கொண்டை போட்டுக்கொண்டு மேலே ஹெல்மெட் வைத்தால் அது உட்காராது, பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். பின்னலாகப் போட்டு கழுத்துக்குக் கீழே விடுங்கள். பூவைப் போய்ச் சேர்ந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். வேர்க்குது, முடி கொட்டுதுன்னு சொல்றவங்க உள்ளே ஒரு பருத்தித் துணியைக் கட்டிக்கலாம். துவைத்துத் துவைத்துக் கட்டினால் சரியாகிவிடும்.

சேலையும் சக்கரமும்

நம் சேலை முந்தானையும் சுடிதார் துப்பட்டாவும் பின்சக்கரத்தில் மாட்டி விழுந்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. இதற்கும் சட்டம் இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 123 படி, ஒவ்வொரு பைக்கிலும் பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, கால் வைக்கும் மிதி, உடை சக்கரத்தில் சிக்காமல் இருக்கப் பின்சக்கரத்தில் பாதிக்காவது மறைப்பு இருக்க வேண்டும். அதுதான் சாரி கார்டு. கம்பெனி போட்டே கொடுக்கிறது. நம்ம வீட்டுப் பையன்கள் "வண்டி லுக் கெட்டுப் போகுது" என்று கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். யாருடைய சேலைக்காகப் போட்டார்களோ அவங்க கேட்டால்தான் அது திரும்ப வரும். மெக்கானிக் கடையில் மாட்டித் தரச் சொல்லுங்கள்.

முடிந்தவரை இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருவதே நல்லது. சேலையில் அது முடியாது என்று தெரியும். அப்படியானால் முந்தானையைச் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு கை கைப்பிடியில் இருக்கட்டும். இரண்டு கையிலும் மூட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் சின்னப் பள்ளத்தில் ஏறி இறங்கினாலே தூக்கி எறியும். ஷூ அப்பர் மூட்டை கொண்டுபோகிறவர்கள் அதை வண்டியிலேயே கயிறு போட்டுக் கட்டிவிடுங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் 2023 பிப்ரவரி 15 முதல் ஒரு விதி நடைமுறைக்கு வந்திருக்கிறது. 9 மாதம் முதல் 4 வயது வரை உள்ள குழந்தைக்கு ஓட்டுபவரோடு சேர்த்து மாட்டும் பாதுகாப்பு பெல்ட்டும், அதன் தலைக்கு ஏற்ற சின்ன ஹெல்மெட்டும் வேண்டும். அப்போது வண்டி மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. இது இன்னும் நம்ம பக்கம் பழக்கத்தில் வரவில்லை. குறைந்தபட்சம் குழந்தையை முன்னால் டேங்க் மேல் உட்கார வைப்பதை நிறுத்துங்கள். பிரேக் அடித்தால் முதலில் முன்னால் போய் விழுவது அதுதான்.

வண்டி யார் பேரில்?

2018 பிப்ரவரியில் தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு வண்டி விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் கொடுத்தார்கள். அதில் வாங்கிய ஸ்கூட்டிகள் நம் உறுப்பினர்களிடம் இன்னும் ஓடுகின்றன. குழுக் கடனில் வாங்கிய வண்டிகளும் நிறைய, ஆர்.சி. பெண் பேரில்தான். நல்ல விஷயம். ஆனால் வண்டி நம் பேரில் இருந்தால் பொறுப்பும் நம் பேரில்தான்.

பத்தாவது, பதினொன்றாவது படிக்கிற பையன் "கடைக்குத்தான்மா" என்று சாவியை எடுத்துக்கொண்டு போகிறான். 2019இல் வந்த சட்டத் திருத்தப்படி (பிரிவு 199அ) 18 வயது நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோரோ வண்டி உரிமையாளரோதான் குற்றவாளி. 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை. வண்டியின் பதிவு ஓர் ஆண்டுக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. 16 வயதில் ஓட்டலாமே என்பார்கள். அது 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்கு, அதுவும் லைசென்ஸ் எடுத்த பிறகு. நம் வீட்டு ஸ்கூட்டிகள் அதைவிடப் பெரியவை. அவன் யாரையாவது இடித்துவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி இழப்பீடு கொடுத்துவிட்டு அந்தப் பணத்தை உரிமையாளரிடமே திருப்பி வசூல் செய்ய முடியும். பல லட்சம் ரூபாய். குழுக் கடன் 50 ஆயிரத்துக்கு வாங்கிய வண்டி, வீட்டையே விற்க வைக்கும்.

இன்சூரன்ஸ் பற்றி இன்னொன்று. இதை நிறுத்திப் படியுங்கள், ஏனென்றால் இதுவும் பின்சீட்டு விஷயம். சட்டப்படி கட்டாயமான மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் எடுத்திருந்தால், அது நம் வண்டி இடித்த வெளி ஆளுக்குத்தான். நம் வீட்டுக்காரர் ஓட்டும்போது வண்டி தானாகச் சறுக்கி, பின்னால் இருந்த நாம் விழுந்து அடிபட்டால், அந்தப் பாலிசியில் நமக்கு ஒன்றும் கிடைக்காது. உச்ச நீதிமன்றமே 2006இல் அப்படித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. வேறு வண்டி வந்து நம்மை இடித்தால் அந்த வண்டியின் இன்சூரன்சில் கேட்கலாம், அது வேறு. முழு பாலிசி எடுத்திருந்தால் பின்சீட்டில் இருப்பவரும் அதில் வருவார். இல்லையென்றால் பின்சீட்டுப் பயணிக்கு என்று கொஞ்சம் கூடுதல் பிரீமியம் கட்டித் தனி விபத்துக் காப்பீடு சேர்க்கலாம். ஏஜெண்ட் தானாகச் சொல்ல மாட்டார், நாம்தான் கேட்க வேண்டும்.

2018 செப்டம்பருக்குப் பிறகு வாங்கிய புது வண்டிக்கு ஐந்து வருட இன்சூரன்ஸ் சேர்த்தே கொடுக்கிறார்கள். "அஞ்சு வருஷத்துக்குக் கவலை இல்லை" என்று நாம் இருந்துவிடுகிறோம். அந்த ஐந்து வருடம் மூன்றாம் நபர் பகுதிக்கு மட்டும். நம் வண்டிக்கும், ஓட்டும் உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீட்டுக்கும் பெரும்பாலும் ஒரே வருடம்தான் கட்டியிருப்பார்கள். தாளை எடுத்துத் தேதியைப் பாருங்கள்.

இதோடு வங்கியில் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டம் இருக்கிறது. 18 முதல் 70 வயது வரை, வருடத்துக்கு 20 ரூபாய். விபத்தில் இறந்தால் 2 லட்சம், நிரந்தரமாகக் கை கால் போனால் பாதிப்புக்கு ஏற்ப 1 லட்சம் அல்லது 2 லட்சம். பின்சீட்டா முன்சீட்டா என்று கேட்பதில்லை. மே மாதக் கடைசியில் கணக்கில் 20 ரூபாய் இல்லாமல் போனதால் விட்டுப்போன உறுப்பினர்கள் நிறைய. ஊக்குநர்கள் மே மாதக் கூட்டத்தில் இதை ஞாபகப்படுத்துங்கள்.

அடிபட்டவரைப் பார்த்தால்

பயப்படாமல் 108க்குக் கூப்பிடுங்கள். கழுத்தை அசைக்காதீர்கள், தூக்கி உட்கார வைக்காதீர்கள், தண்ணீர் ஊற்றிக் கொடுக்காதீர்கள். ஹெல்மெட்டை வெடுக்கென்று இழுக்காதீர்கள். ரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். உதவி செய்தால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமே என்ற பயம் இனி வேண்டாம். 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2019இல் சட்டமாகவே வந்துவிட்டது. பெயர்கூடச் சொல்லாமல் போகலாம், சாட்சிக்கு வா என்று கட்டாயப்படுத்த முடியாது.

தமிழ்நாடு அரசின் இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48 திட்டம் 2021 டிசம்பர் 18இல் தொடங்கியது. இதில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் விபத்து நடந்து முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காசு கேட்கக் கூடாது. காப்பீட்டு அட்டை இருக்கிறதா, எந்த ஊர் என்ற கேள்வி இல்லை. நகையை அடகு வைக்க ஓடும் முன் "48 திட்டத்தில் சேருங்க" என்று கேளுங்கள். நம்ம பக்கம் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

இழப்பீடு கேட்டு வழக்குப் போட, விபத்து நடந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும் என்று 2022 ஏப்ரல் முதல் சட்டத்தில் வந்திருக்கிறது. துக்கத்தில் நாள் ஓடிவிடும், கவனம். மருத்துவமனை வாசலிலேயே வந்து வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்பவர்களுக்குப் போடாதீர்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி எது என்றே தெரியாவிட்டாலும், இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50 ஆயிரம் ரூபாய் அரசு வழியில் கிடைக்கும். ஹெல்மெட் போடாமல் தலையில் அடிபட்டவருக்கு, அவர் பங்குக்கும் தவறு இருக்கிறது என்று இழப்பீட்டில் ஒரு பகுதியைக் கழித்துக் கொடுத்த தீர்ப்புகள் உண்டு என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

குடித்துவிட்டு ஓட்டுபவர் வண்டியில் ஏறாதீர்கள். இதைச் சொல்வது சுலபம், செய்வது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ராத்திரி ஒன்பது மணிக்குச் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் "ஏறுடி" என்று கத்தும் வீட்டுக்காரரிடம் என்ன சொல்வது? ஒரு குழு செய்வதைச் சொல்கிறேன். அவர்கள் ஊரில் விசேஷம் என்றால் முதலிலேயே ஒரு ஷேர் ஆட்டோ பேசிவிடுகிறார்கள், ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக்கொள்கிறார்கள். யாரும் யாரோடும் சண்டை போட வேண்டியதில்லை.

இனி கூட்டமைப்பு செய்யக்கூடியது. மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு இருக்கிறது. நெடுஞ்சாலைத் துறை, காவல்துறை, வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் எல்லாம் அதில் வருகிறார்கள். உங்கள் ஊர்ப் பக்கம் விபத்து அடிக்கடி நடக்கும் இடம், விளக்கு எரியாத வளைவு, வெள்ளைக் கோடு போடாத வேகத்தடை இவற்றை இடம், பக்கத்துக் கடை அல்லது கோயில் அடையாளத்தோடு எழுதுங்கள். கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். அதன் நகலோடு திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து, மனு எண் வாங்கிக்கொள்ளுங்கள். மனுவில் இன்னொரு வரியும் சேருங்கள்: ஹெல்மெட் சோதனையை வருடத்துக்கு ஒரு மாதம் என்றில்லாமல் தினமும் செய்ய வேண்டும், பின்சீட்டையும் பார்க்க வேண்டும், யாரையும் துரத்தக் கூடாது. ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துக் குழுக்கள் திருப்பத்தூர் ஆட்சியரிடம் கொடுக்க வேண்டும், வேலூருக்கு வந்து அலைய வேண்டாம்.

ஹெல்மெட்டுக்கு உள்கடன் கொடுக்கலாமா என்று இரண்டு மூன்று குழுக்கள் கேட்டிருக்கிறார்கள். தாராளமாகக் கொடுக்கலாம், தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள். வீட்டுக்கு இரண்டு என்று கணக்குப் போடுங்கள், ஒன்று அல்ல. பத்து இருபது பேர் சேர்ந்து ஒரே கடையில் வாங்கினால் விலை குறைத்துத் தருவார்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது வண்டி வைத்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோரும் ஆர்.சி.யும் இன்சூரன்ஸ் தாளும் எடுத்து வாருங்கள். நகல் போதும். எத்தனை வண்டியில் பின்சீட்டுக்குப் பணம் கட்டியிருக்கிறது என்று உட்கார்ந்து பார்த்துவிடலாம்.